ஓர் இலை குறைந்தால்...

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிற வெளியூர் அன்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "குடவோலைக் கல்வெட்டு எங்கே இருக்கிறது?" சுவரைக் காட்டினால் சிறிது நேரம் வியந்து நிற்பார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு பாலகனை விட்டு எடுக்கச் சொன்ன முறையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு, நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் காட்சி தருகிற சுந்தர வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் புறப்பட்டுவிடுவார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் தேர்தல் இருந்தது என்ற பெருமிதம் அவர்களுடைய முகத்தில் தெரியும். அது நியாயமான பெருமிதமே.

ஆனால், முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்கோடு பழகி ஓய்வு பெற்ற என் கண்ணுக்கு, அந்தக் கல்லில் வேறு இரண்டு விதிகள்தான் முதலில் தென்படுகின்றன. ஒன்று கணக்கைப் பற்றியது. மற்றொன்று அனுபவத்தைப் பற்றியது. கோயில் திருப்பணிக் குழு, அன்னதானக் குழு, உழவாரப் பணி மன்றம், பஜனைச் சபை என்று ஏதேனும் ஒன்றில் பொறுப்பு வகிக்கிற நம்போன்ற மூத்தவர்களுக்கு இவ்விரண்டு விதிகளும் இன்று மிகவும் வேண்டியவை என்பது என் எண்ணம்.

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை அந்தச் சாசனங்கள். உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் அன்று 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படுவார். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்னும் குழுக்கள் அமைந்தன. இறையிலி அல்லாத, வரி செலுத்துகிற கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், காரியத்தில் தேர்ச்சியும், ஒழுக்கமும், நேர்மையான வழியில் ஈட்டிய பொருளும் தகுதிகளாக வைக்கப்பட்டன. நிலமும் கல்வியும் உள்ள ஆடவர்க்கே இடம் என்ற அளவில் இன்றைய நோக்கில் அதற்குக் குறையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்கைப் பற்றிய விதியைப் பாருங்கள். முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. கணக்கு எழுதியவர் தாம் எழுதிய கணக்கைத் தாமே பெரியோர் முன்னிலையில் ஒப்புவித்துத் தூயவர் என்று பெயர் பெற வேண்டும். வேறொருவர் வந்து அதை முடித்து வைப்பதும் கூடாது. எந்த வங்கியின் தணிக்கை விதியும் இதைவிடக் கண்டிப்பானதன்று.

அடுத்தது அனுபவத்தைப் பற்றிய விதி. குடவோலையில் பெயர் வந்த 30 பேரில் 12 பேரைச் சம்வத்சர வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற வாரியங்களைவிட மேலான பொறுப்பு அது. யாரைத் தேர்வது? முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களையும், கல்வியில் முதிர்ந்தவர்களையும், வயதில் முதிர்ந்தவர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. மீதியுள்ளோரில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போவார்கள். இன்னொன்றும் உண்டு. 919ஆம் ஆண்டுச் சாசனத்தில் வயது வரம்பு 30 முதல் 60 வரை என்று இருந்தது. இரண்டே ஆண்டு நடைமுறைக்குப் பின், 921ஆம் ஆண்டில், அது 35 முதல் 70 வரை என்று உயர்த்தப்பட்டது.

இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கணக்கு என்பது வாயிற்படி. அதைத் தாண்டாதவன் உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளே வந்தவர்களில் யார் தலைமையில் அமர்வது என்பதைக் கணக்கு தீர்மானிக்கவில்லை. எந்த ஆண்டு எத்தனைக் குழி நிலம் கூடுதலாகப் பாய்ந்தது, எத்தனைக் கலம் நெல் மிகுதியாக வந்தது என்று எண்ணித் தலைவரை அமர்த்தச் சொல்லவில்லை. வைரமேகத் தடாகத்தின் கரையில் நின்று மதகையும் மக்களையும் அறிந்தவர் எவரோ, அவரே அமரட்டும் என்றது.

இந்த ஒழுங்கு இன்று நம்முடைய அறப்பணிகளில் மெல்ல மாறிவருகிறது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபின், பெரிய நிறுவனங்கள் தாம் பொருள் கொடுத்த பெரிய பணிகளால் விளைந்த பயனை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிடவும் வேண்டும். பங்குதாரர்களின் பணத்தைக் கொடுப்பவர்கள், "எத்தனை பேருக்குப் பயன்? சென்ற ஆண்டைவிட எவ்வளவு அதிகம்?" என்று கேட்பதில் தவறில்லை. கோடிக்கணக்கில் செலவாகும் பணிகளுக்கு ஏற்பட்ட அந்தக் கேள்வி, கிராமத்துப் பஜனைக் கோயில் கூடம் வரை இறங்கி வரும்போதுதான் சங்கடம் தோன்றுகிறது.

எண்ணிக்கையின் இயல்பை நான் வங்கியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன். 1980களில் கிராமக் கிளைகளில் கறவை மாட்டுக் கடன் கொடுத்த காலம். இந்த ஆண்டுக்கு இத்தனை கடன்கள் என்று மேலிடத்திலிருந்து இலக்கு வரும். மார்ச் மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கை நிறைவேறிவிடும். ஆனால் மாடு வாங்கியவரின் வீட்டில் தீவனத்துக்கு வழி இருக்கிறதா, பாலை ஊற்றுவதற்குப் பக்கத்தில் சங்கம் இருக்கிறதா என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அறிக்கையில் எண் ஏறும். பல வீடுகளில் பால் ஏறாது.

1975ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மத்திய வங்கியில் ஆலோசகராக இருந்த சார்லஸ் குட்ஹார்ட் என்னும் பொருளாதார அறிஞர் பணக்கொள்கையைப் பற்றி எழுதியபோது இதே இயல்பைச் சுட்டிக்காட்டினார். ஒன்றை அறிந்துகொள்வதற்காக வைத்திருந்த அளவுகோலையே அடைய வேண்டிய இலக்காக மாற்றிவிட்டால், பிறகு அந்த அளவுகோலை நம்ப முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். லண்டன் மாநகரில் இருந்து அவர் சொன்னதும், எங்கள் கிளையின் மாட்டுக் கடன் பேரேடு சொன்னதும் ஒன்றே.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே வங்கித் தொழில் எனக்குக் காட்டியது. 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு ஒரு சோதனை முயற்சியாகச் சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தது. ஈடாக வைப்பதற்கு நகையோ நிலமோ இல்லாத பெண்கள். அவர்களிடம் நாங்கள் பார்த்தது என்ன? தவறாமல் கூடுகிறார்களா, சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்களா, ஒருவர் இடரில் மற்றவர் துணை நிற்கிறார்களா, கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா என்பவற்றையே. அவர்களுக்குள் இருந்த உறவே ஈடாயிற்று. மற்ற கடன்கள் தவறிய ஊர்களிலும் அந்தப் பெண்கள் தவணை தவறாமல் கட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் உத்திரமேரூருக்கு அருகிலுள்ள என் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினேன். அங்கே பஜனைக் கோயிலில் ஒரு சபை உண்டு. மார்கழி முழுவதும் விடியற்காலையில் வீதி பஜனை. சனிக்கிழமைதோறும் நண்பகலில், ஆதரவற்ற முதியவர்களுக்குக் கோயில் கூடத்தில் உணவு. காஞ்சி மகாபெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தைப் பின்பற்றி, வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை அது கோயிலுக்கு வந்து சேரும். சபையின் பொருளாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

சபைத் தலைவர் எங்கள் ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர். முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்த காலத்தில், அதைத் திண்ணைதோறும் கொண்டுபோய்க் கொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மகன் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டியவர். பதிலும் அவரே எழுதுவார். ஆகவே எந்த வீட்டில் எந்தக் கவலை என்பது அவருக்கு ஏடு பார்க்காமலே தெரியும். சனிக்கிழமை காலையில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பின்னரே அடுப்பு மூட்டச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை பந்தி முடிந்ததும் நான் ஏட்டில் எண்ணிக்கையைக் குறித்தேன். முந்திய வாரத்தைவிட ஓர் இலை குறைவு. என் கடமை அத்துடன் முடிந்தது. அவர் பந்தியைப் பார்த்தபடியே சொன்னார்: "கோடி வூட்டு ஆயா வரலையே சார். நேத்து சாயங்காலமும் திண்ணையில காணோம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்." தூக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போனார். போன இடத்தில் அந்த மூதாட்டி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மாலைக்குள் உத்திரமேரூர் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. பத்து நாளில் நலம் பெற்றுத் திரும்பினார்.

சில மாதங்கள் கழித்து இன்னொரு சனிக்கிழமை. மறுபடியும் ஓர் இலை குறைந்தது. நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் முகத்தில் கலக்கம் இல்லை, சிரிப்பு இருந்தது. வழக்கமாகத் தூணோரம் அமர்ந்து உண்கிற ஒரு முதியவர் அன்று வரவில்லை. ஏழெட்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மகன், அந்த வாரம் தந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தான். அதற்காக எங்கள் தலைவர் அந்த மகனுடைய வீட்டுத் திண்ணையில் எத்தனை மாலைப் பொழுதுகள் போய் அமர்ந்திருந்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். என் ஏட்டில் இரண்டு நாளும் ஒரே குறிப்புத்தான் இருக்கிறது: ஓர் இலை குறைவு. ஒன்று ஆபத்தின் அடையாளம். மற்றொன்று இறையருளின் அடையாளம். எண் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. வேறுபாட்டைக் காட்டியது அந்த மனிதரின் பழக்கம். அறப்பணியில் அனுபவமும் உறவும் எண்ணிக்கைக்கு முன்னே நிற்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த நிலையில்தான் நகரத்திலுள்ள ஓர் அறக்கட்டளையின் உதவி எங்களை நாடி வந்தது. ஆண்டு முழுவதற்கும் அரிசி, பருப்பு. அத்துடன் மழையில் ஒழுகுகிற கூடத்துக்குப் புதிய கூரை. ஒரகடத்தில் தொழிற்சாலையில் பொறியாளராகப் பணிபுரிகிற எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் முயன்று கொண்டுவந்த ஏற்பாடு அது. நிபந்தனைகள் மூன்று. மாதந்தோறும் கணினி வழியே அறிக்கை அனுப்ப வேண்டும். பயன்பெறுவோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு உயர வேண்டும். அறிக்கை தயாரிக்கத் தெரிந்த ஒருவரே தலைமைப் பொறுப்பில் இருக்க வேண்டும்.

சபை கூடியது. சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர் தலைவரைப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவரே எழுந்தார். "நான் ஒதுங்கிக்கறதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை" என்று தொடங்கியவர், என் பக்கம் திரும்பி, "ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலை சார். வருஷா வருஷம் சாப்பிட வர்றவங்க ஏறணும்ங்கறாங்க. அப்படீன்னா வருஷா வருஷம் சோத்துக்கு நாதியில்லாதவங்க ஏறணும்னு நாம வேண்டிக்கணுமா?" என்றார்.

கூட்டம் அமைதியாயிற்று. அந்த இளைஞரே முதலில் பேசினார். "தாத்தா கேட்பது நியாயம். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். வீடுகளிலிருந்து எவ்வளவு அரிசி வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்று எந்த ஏட்டிலும் இல்லையே? நாளைக்குத் தாத்தா இல்லாத நாளில், யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?" அதுவும் நியாயமாகவே இருந்தது. ரொக்கத்துக்கு ஏடு இருந்தது, அரிசிக்கு இருந்ததில்லை. அவருடைய அறிவு முழுவதும் அவரோடு நடந்துகொண்டிருந்தது.

அன்று இரவு வெகுநேரம் பேசிச் சபை செய்த முடிவு இது. அரிசிக்கு இனி ஏடு உண்டு; ஒவ்வொரு மாதக் கணக்கும் கோயில் பலகையில் ஒட்டப்படும். அறக்கட்டளைக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டுவோம். ஆனால் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவதை நிபந்தனையாக ஏற்க இயலாது என்று மரியாதையாக எழுதுவோம். அந்த இளைஞர் செயலாளர் ஆவார். தபால்காரர் இன்னும் ஓராண்டு தலைவராக இருப்பார். அந்த ஓராண்டும் விடுமுறை கிடைக்கிற சனிக்கிழமைகளில் இளைஞர் அவரோடு தெருச் சுற்ற வேண்டும். அதன்பின் தலைமையை ஏற்க வேண்டும்.

எங்கள் கடிதத்துக்கு அறக்கட்டளையிலிருந்து கண்ணியமான பதில் வந்தது. தங்கள் விதிகளுக்கு உட்பட்டு இவ்வாண்டு உதவ இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. பெருமழை நாளில் பந்தியைப் பாதிக் கூடத்தில்தான் நடத்துகிறோம். உறவுக்கு முதலிடம் கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு; அது சில வேளைகளில் பெரிய விலையாகவும் இருக்கும் என்பதை மறைத்துவிட்டு நான் இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது.

கணக்குக்கும் அன்புக்கும் உள்ள இந்த முறையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் பூசலார் நாயனாரின் வரலாறு என் நினைவுக்கு வரும். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்த அந்த வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். திருநின்றவூரில் பொருள் வசதி இல்லாத ஓர் அடியார் மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பினார். அதே காலத்தில் காஞ்சி மாநகரில் பல்லவ மன்னன் பெருஞ்செல்வம் செலவிட்டுக் கற்றளி எழுப்பினான். இரண்டுக்கும் குடமுழுக்கு ஒரே நாளில் குறிக்கப்பட்டது. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாம் பூசலார் எழுப்பிய கோயிலுக்குப் போகிறோம், நீ உன் நாளை மாற்றிக்கொள் என்று அருளினான். மன்னன் திருநின்றவூருக்கு ஓடிவந்து தேடினான். கோயில் எங்கும் இல்லை. உண்மை அறிந்ததும் அந்த அடியாரின் திருவடியில் விழுந்து வணங்கினான்.

இந்த வரலாற்றில் இரண்டு நுட்பங்கள் உண்டு. பூசலார் மனம் போன போக்கில் கோயில் கட்டிவிடவில்லை. பொருள் தேடினார், கருவிகளும் தச்சர்களும் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவிலும் உறங்காமல் அடுக்கடுக்காக எழுப்பினார். எல்லாம் மனத்தில், ஆனால் எல்லாம் முறைப்படி. அன்பு என்ற பெயரால் ஒழுங்கின்மைக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. இது முதலாவது நுட்பம்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. இறைவன் மன்னனிடம் நாளைத் தள்ளிவைக்கச் சொன்னானே தவிர, கோயிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. காஞ்சிக் கயிலாயநாதர் கோயில் இன்றும் நிற்கிறது. கண்ணால் காணவும் முழக்கோலால் அளக்கவும் கூடிய கற்றளிக்கும் அவன் எழுந்தருளினான். அளக்க முடியாத கோயிலுக்குப் பிறகே எழுந்தருளினான். அவ்வளவுதான். வேண்டாம் என்று எதையும் ஒதுக்க வேண்டியதில்லை; எது முன், எது பின் என்பதைத் தெளிந்துகொண்டால் போதும்.

வடலூரைப் பாருங்கள். பார்வதிபுரம் மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிவைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்றே அன்பர்கள் பேசுகிறார்கள். இத்தனை லட்சம் பேர் உண்டனர் என்று அதன் புகழை யாரும் அளப்பதில்லை. நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் கைகள் தலைமுறைதோறும் கிடைத்துவருகின்றன என்பதே அதன் புகழ். கை மாறும்போதும் நெருப்பு மாறாமல் இருப்பதுதான் ஓர் அறப்பணியின் வெற்றி.

கை மாறுவது என்றவுடன் மூத்தவர்களாகிய நமக்கு ஒரு கடமை நினைவுக்கு வர வேண்டும். அனுபவம் உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டு நாற்காலியைப் பட்டா நிலம்போல வைத்துக்கொள்வதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆதரவு இல்லை. வாரியப் பணி 360 நாள்தான். அதன்பின் இறங்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. குற்றம் கண்டால் அப்போதே விலக்கப்படுவார். அனுபவத்தை மதித்த அதே முன்னோர், அனுபவம் ஒருவரிடமே தேங்கிவிடாமல் ஊரெங்கும் பரவுவதற்கும் வழி செய்தார்கள். தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் பழகிவிட்டு வருகிறவன்தான் பிறகு சம்வத்சர வாரியத்தில் அமர்வான். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் முதலில் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆதலால் குழுக்களிலும் சபைகளிலும் இருக்கிற என் வயதையொத்த அன்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள்.

கணக்கைத் தூய்மையாக வைத்திருங்கள். பணத்துக்கு மட்டுமன்று, அரிசிக்கும், எண்ணெய்க்கும், உண்டியலில் விழும் சில்லறைக்கும் ஏடு இருக்கட்டும். கணக்குக் கேட்பவர் நம்மை அவமதிக்கிறார் என்று எண்ணாதீர்கள். கணக்குச் சுத்தமாக இருப்பவனுக்குத்தான், எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு வாய் உண்டு.

புதிய தலைவரைத் தேடும்போது, அவர் எவ்வளவு நன்கொடை திரட்டுவார் என்பதை முதற்கேள்வியாக வைக்காதீர்கள். அவருக்கு எத்தனை வீட்டுத் திண்ணைகள் தெரியும், அவரிடம் எத்தனை பேர் மனம் விட்டுப் பேசுவார்கள், முன்பு சிறிய பொறுப்பொன்றைப் பெயர் கெடாமல் நடத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை உழவாரப் பணிக்கோ அன்னதானத்துக்கோ போகும்போது ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ கூட அழைத்துச் செல்லுங்கள். இவர் யார், இவருக்கு எந்தக் காய் ஆகாது, இவர் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்று நடந்துகொண்டே சொல்லுங்கள். அறிக்கைகளில் அடங்காத அந்தச் செய்திகளை வாய்மொழியாகத்தான் கொடுக்க முடியும். கொடுக்காமல் போனால் அவை நம்மோடு போய்விடும்.

எங்கள் சபையின் இளைஞர் இப்போது அரிசி ஏட்டோடு இன்னொரு சிறிய குறிப்பேடும் வைத்திருக்கிறார். அதில் எண்கள் இல்லை. வராதவர்களின் பெயரும், வராத காரணமும் மட்டும் இருக்கின்றன. காரணம் எழுதப்படாத பெயர் ஒன்று இருந்தால், அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்பது சபையின் விதி. உங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படி ஒரு குறிப்பேடு இருக்கலாம். அதற்குப் பெரிய நன்கொடை வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும், நடப்பதற்குச் சலிக்காத கால்களும் போதும். அந்தக் கால்களுக்கு வலிமையைச் சுந்தர வரதராஜப் பெருமாள் அருள்வானாக.